சுக்கான் இல்லாத படகு: ஜெட் படகின் ஸ்டியரிங்கை மேம்படுத்த எதை வாங்கலாம்?

ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. வெளியே நீட்டிக்கொண்டு சுழலும் புரொப்பெல்லரும் கிடையாது. அடிப்பாகத்தில் இருக்கும் ஒரு வாய் தண்ணீரை உள்ளிழுக்கிறது. இம்பெல்லர் அதை அழுத்திப் பின்பக்கக் குழாய் வழியே பீய்ச்சுகிறது. அந்த எதிர்விசையில் படகு ஓடுகிறது. குழாயின் முனையிலுள்ள நாசில் இடமோ வலமோ திரும்பினால் பீய்ச்சலின் திசை மாறும், படகும் திரும்பும். சிக்கல் முழுவதும் இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. பீய்ச்சல் உள்ளவரைதான் திருப்பம். திராட்டிலை விட்டுவிட்டால் ஸ்டியரிங் சக்கரம் கையில் இருக்கும், படகு கையில் இருக்காது.

முட்டுக்காட்டிலோ கோவாவிலோ வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். எதிரே ஏதாவது வந்ததும் பயத்தில் கை தானாகத் திராட்டிலை விடும். வண்டியோ திரும்பாமல் அதே திசையில் வழுக்கிக்கொண்டே போகும். கார், பைக் ஓட்டிப் பழகிய உடம்புக்கு இது தலைகீழ்ப் பாடம். இங்கே தப்பிக்க வேண்டுமானால் முடுக்கியாக வேண்டும்.

வாட்டர் ஸ்கூட்டரின் அண்ணன்தான் ஜெட் படகு. வட அமெரிக்க ஏரிகளில் 19 முதல் 24 அடி வரை நீளமுள்ள குடும்ப ஜெட் படகுகள் ஏராளமாக ஓடுகின்றன. யமஹா 1990களின் நடுவிலிருந்து இவற்றைச் செய்துவருகிறது. சீ-டூ என்ற பெயரில் படகுகளை விற்றுவந்த கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2012இல் அந்தத் தொழிலிலிருந்து விலகியது. அதன் ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் பிறகு ஸ்காரப் போன்ற படகுகளில் ஏறின. இந்தப் படகுகளைச் சுற்றி ஒரு துணைச் சந்தையே வளர்ந்திருக்கிறது. நாசிலில் மாட்டும் ஃபின், பீய்ச்சலின் மேல் இறங்கி அதை முன்னோக்கித் திருப்பும் பக்கெட்டில் பொருத்தும் வழிதிருப்பி, அடித்தட்டு, பக்கச் சிறகு, முன்புறத் தள்ளுவிசை மோட்டார், ஹைட்ராலிக் ஸ்டியரிங் எல்லாம் அங்கே கிடைக்கும். சில நூறு டாலரில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். ‘ஸ்டியரிங் சரியாகிவிடும்’ என்றுதான் எல்லாமே விற்கப்படுகின்றன. எந்த ஸ்டியரிங், எந்த வேகத்தில், எந்தத் தண்ணீரில் என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு அடியில் எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த படகு இது. இதற்கு விற்கப்படும் ஸ்டியரிங் சாதனங்களில் முக்கால்வாசி, தண்ணீருக்கு அடியில் எதையோ மறுபடி நீட்டுபவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒன்றை விற்றுத்தான் இன்னொன்றை வாங்குகிறோம் என்ற கணக்கு, வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீட்டக் கூடாது என்று முடிவுசெய்தவர் நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன். 1899இல் பிறந்தவர், மெக்கன்சி நாட்டுப்புறத்தில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்தியவர். அந்த வட்டாரத்து ஆறுகள் அகலமாக, கூழாங்கல் திட்டுகளுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை. பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. புரொப்பெல்லர் வைத்த படகு அங்கே நூறு மீட்டர் தாண்டாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹேன்லி நீர்த்தாரைப் பம்பை மாதிரியாகக் கொண்டு ஹாமில்டன் தம் பட்டறையில் வேலையைத் தொடங்கினார். அதன் நாசில் படகுக்கு அடியில் தொங்கியது, தண்ணீருக்குள் பீய்ச்சியது. பீய்ச்சலைப் பின்பலகை வழியாக, நீர்மட்டத்துக்கு மேலே வெளியேற்றியதுதான் அவர் செய்த பெரிய திருத்தம். வேகம் கூடியது, அடியில் தட்டுகிற பாகமும் ஒழிந்தது. 1960இல் அவருடைய முறையில் கட்டிய படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கைசாகரிலிருந்து கங்கையில் மேல்நோக்கிப் போன பயணமும் ஜெட் படகுகளில்தான். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கே நிற்கும்வரை அவை போயின. ஆழம் குறைந்த தண்ணீரில் அந்த அளவுக்கு நம்பக்கூடிய வேறு படகு அன்றைக்கு இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹாமில்டனின் ஆறு வேகமாக ஓடுவது. படகோட்டி எப்போதும் முடுக்கிலேயே இருப்பார். ஆகவே பீய்ச்சல் இல்லாத ஸ்டியரிங் என்ற கேள்வியே அவருக்குப் பெரிதாக எழவில்லை. குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறவர் பாதி நேரம் மெதுவேகப் பகுதியில் ஊர்ந்துகொண்டிருப்பார்; மீதியில் ஒரு பங்கு, காற்றடிக்கும் படகுத்துறையில் படகை அணைக்கப் போராடிக்கொண்டிருப்பார். ஆற்றுக்காகப் பிறந்த இயந்திரம் ஏரிக்குக் குடிபெயர்ந்ததால் வந்த வினை இது.

படகுக்காரர்கள் ‘ஸ்டியரிங் சரியில்லை’ என்று சொல்லும்போது உண்மையில் நான்கு வெவ்வேறு கோளாறுகளைச் சொல்கிறார்கள். வேகமாகப் போகையில் திராட்டிலை விட்டால் திரும்பாதது ஒன்று. மெதுவாகப் போகையில் மூக்கு இடமும் வலமுமாக அலைவது இரண்டாவது. படகுத்துறையில் காற்றுக்கு ஈடுகொடுக்க முடியாதது மூன்றாவது. சக்கரமே கனமாக, அல்லது கொழகொழவென்று ஆட்டத்தோடு இருப்பது நான்காவது. முதல் மூன்றும் வடிவமைப்பின் குணம். நான்காவது வெறும் பழுது. பழுதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் மருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாசில் 20 பாகை திரும்பினால் பீய்ச்சலின் விசையில் ஏறத்தாழ 34 விழுக்காடு பக்கவாட்டில் வேலை செய்யும். முன்னோக்கிய விசையில் 6 விழுக்காடுதான் குறையும். அருமையான பேரம். அதனால்தான் முடுக்கத்தில் ஜெட் படகு தன் நீளத்துக்குள்ளேயே சுழலும். நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் பக்கத்து ஷாட்டோவர் ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை அலறவைக்கும் அந்த முழுச் சுழற்சிக்கு ஹாமில்டன் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் பீய்ச்சலின் விசை எஞ்சின் சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. நிமிடத்துக்கு 7500 சுற்றிலிருந்து 1500க்கு இறங்கினால் சுழற்சி ஐந்தில் ஒன்று. விசையோ இருபத்தைந்தில் ஒன்று. அதாவது 4 விழுக்காடு. ஐடிலில் சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிட்டு ‘ஏன் திரும்ப மாட்டேன் என்கிறது?’ என்று கேட்பவருக்கு இந்த 4 விழுக்காடுதான் பதில்.

மெதுவேகத்தில் அலைவதற்குக் காரணம் வேறு. அவுட்போர்டு படகில் எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் அது பின்பக்கத்தை வழுக்க விடாமல் பிடிக்கும். ஜெட் படகின் அடியில் அப்படி எதுவும் இல்லை. மூக்கு சற்றே ஒதுங்கினால் வால் தாராளமாக வழுக்கும். ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் திருப்புவார். விசை குறைவாக இருப்பதால் படகு தாமதமாகப் பதில் சொல்லும். அவர் இன்னும் கொஞ்சம் திருப்புவார். அதற்குள் முதல் திருப்பம் வேலை செய்யத் தொடங்கி, மூக்கு மறுபக்கம் போய்விடும். அலைச்சலில் பாதி படகினுடையது, பாதி ஓட்டுபவரின் பொறுமையின்மை. முன்புற இருக்கையில் ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி மூக்கைத் தாழ்த்தினால் இன்னும் மோசமாகும். பிடிமானம் முன்னால் போய்விடுகிறது, வாலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வாங்குவதற்கு முன்னால்

காசில்லாத வைத்தியம் முதலில். இவ்வகைப் படகுகளில் இம்பெல்லர் எஞ்சினோடு நேராக இணைந்திருப்பதால் உண்மையான நியூட்ரல் கிடையாது. எஞ்சின் ஓடினால் பீய்ச்சலும் ஓடும். பீய்ச்சலின் மேல் பக்கெட் பாதி இறங்கி, நீரில் ஒரு பகுதியை முன்னோக்கித் திருப்புவதால்தான் படகு நின்ற இடத்தில் நிற்கிறது. நியூசிலாந்திலும் அமெரிக்காவின் ஐடஹோவிலும் ஆற்றுப் படகோட்டிகள் இதை ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள். திராட்டில் காலில், பக்கெட்டின் நெம்புகோல் கையில். எஞ்சினைக் குறைக்காமல் நல்ல சுழற்சியில் வைத்துக்கொண்டு வேகத்தைப் பக்கெட்டால் கட்டுப்படுத்துவார்கள். பீய்ச்சல் பலமாக இருக்கும், படகு மெதுவாகப் போகும், ஸ்டியரிங் உயிரோடு இருக்கும். வேகத்தைக் குறைக்கத் திராட்டிலைக் குறைப்பது ஜெட் படகில் பிழையான பழக்கம்.

ஏரிப் படகுகளில் இதற்கு ஒரு தடை உண்டு. பெரும்பாலானவற்றில் ஒரே நெம்புகோல் பக்கெட்டையும் திராட்டிலையும் சேர்த்து இயக்குகிறது. பக்கெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஏற்ற முடியாது. இரட்டை எஞ்சின் படகில் ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் போட்டுச் சுழற்றலாம். ஆனால் இரு நாசில்களும் நடுக்கோட்டுக்கு அருகிலேயே ஒட்டியிருப்பதால் திருப்புவிசை எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் ஆளில்லாத மூலையில் ஒரு காலை நேரம் இதைப் பழகிப் பார்த்தவருக்கு, படகுத்துறைக்கான சாதனப் பட்டியல் பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். மெதுவேகத்தில் சக்கரத்தைச் சிறிதளவே திருப்பி, படகு பதில் சொல்லும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பதும் இந்தப் பயிற்சியில் அடக்கம்.

அடுத்தது பழுது பார்த்தல். சக்கரம் கனமாக இருக்கிறதா? நாசில் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு நாசிலைக் கையால் திருப்பிப் பாருங்கள். நாசில் லேசாகத் திரும்பினால் குற்றம் கேபிளில். பின்பலகையைத் தாண்டும் இடத்தில் உள்கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகிப்போகும். கிரீஸை அடித்துத் திணிப்பது பயன்தராது, மாற்றுவதுதான் வழி. நாசில் ஆடுகிறதா? ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நாசிலை அசைக்கட்டும். அச்சாணியின் புஷ் தேய்ந்து சில மில்லிமீட்டர் ஆட்டம் கண்டிருந்தால், அந்த ஆட்டமே மெதுவேகத்தில் அலைச்சலாக வெளிப்படும். இம்பெல்லரைச் சுற்றியுள்ள தேய்வு வளையத்தின் இடைவெளி அதிகமானால் நீர் பின்னுக்கு நழுவும். பீய்ச்சல் பலம் குறையும். உறிஞ்சும் வாயில் பாசியோ கயிறோ சிக்கினாலும் இதே கதைதான். இவற்றைச் சரிசெய்யாமல் ஃபின் வாங்குவது வீண்.

ஃபின்

சந்தையில் அதிகம் விற்பது இதுதான். நாசிலின் அடியிலோ இருபுறமுமோ பொருத்தும் நிமிர்ந்த தகடு. நாசிலோடு சேர்ந்து திரும்பும், சின்னச் சுக்கானாக வேலை செய்யும். பீய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படகு நகர்கிறவரை இதற்கு விசை உண்டு. தத்துவம் சரியானது என்பதற்கு, தயாரிப்பு நிறுவனங்களே இந்த வழிக்கு வந்ததுதான் சான்று: யமஹா தன் படகுகள் பலவற்றில் நாசிலோடு திரும்பும் தகடு ஒன்றைத் தொழிற்சாலையிலேயே மாட்டத் தொடங்கியது.

ஆனால் ஃபின் எந்த நோய்க்கு மருந்து? மறுபடியும் கணக்கு. 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள, விரித்த கையைவிடக் கொஞ்சம் பெரிய தகடு என்று வைத்துக்கொள்வோம். ஃபின்னின் விசை படகின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். தோராயமாக, மணிக்கு 8 கிலோமீட்டரில் 3 கிலோ எடையளவு பக்கவிசை கிடைக்கும். வாலை வழுக்காமல் பிடிக்க அது போதும், அலைச்சல் குறையும். 40 கிலோமீட்டர் வேகத்தில் திராட்டிலை விட்டால் அதே தகடு 75 கிலோ அளவுக்குத் தள்ளும். படகு நிச்சயம் திரும்பும். படகுத்துறையை நெருங்கும் 2 கிலோமீட்டர் வேகத்தில்? 200 கிராம். இருபதடிப் படகின் பக்கவாட்டில் 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் அது தள்ளும் விசை 11 கிலோவைத் தொடும். இருநூறு கிராமை வைத்துக்கொண்டு பதினொரு கிலோவோடு மல்லுக்கட்ட முடியாது. ஆக, முதல் இரண்டு கோளாறுகளுக்கும் ஃபின் நல்ல மருந்து. மூன்றாவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ‘படகுத்துறையில் இனி கவலை இல்லை’ என்று விளம்பரம் சொன்னால், மெதுவாகப் போகையில் நேராகப் போகும் என்பதைத்தான் அது சுற்றிவளைத்துச் சொல்கிறது.

விற்பவர்கள் அதிகம் பேசாத ஒன்று, நீளம். படகு வேகமெடுத்துத் தண்ணீரின் மேல் எழுந்து ஓடும்போது, பின்பலகைக்குப் பின்னால் நீர் அடிப்பாகத்தின் மட்டத்திலேயே விலகிப் போய்விடும். நாசில் அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே அடிமட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்காத குட்டை ஃபின், வேகத்தில் தண்ணீரைத் தொடாது. இழுவையும் இல்லை, உதவியும் இல்லை. படகு மெதுவாகி, வால் அமிழ்ந்த பிறகே அது வேலைக்கு வரும். அடிமட்டத்துக்குக் கீழே நீளும் ஃபின் எப்போதும் வேலையில் இருக்கும். உச்ச வேகத்தில் கொஞ்சம் தின்னும், எரிபொருளிலும் கொஞ்சம் தின்னும், மணலில் முதலில் அதுதான் தட்டும். அலைச்சல் மட்டும் தொல்லை என்றால் குட்டையே போதும். குழந்தைகளை ரப்பர் வளையத்தில் கட்டி இழுப்பவர், நெரிசலான ஏரியில் ஓட்டுபவர், திராட்டிலை விட்டபின் திரும்பும் திறன்தான் முதலில் வேண்டும் என்பவர் நீளமானதைப் பார்க்க வேண்டும்.

75 கிலோ என்ற எண்ணுக்கு இன்னொரு முகம் உண்டு. அந்தச் சுமை முழுவதும் நாசிலின் வார்ப்பு அலுமினியம், அதன் அச்சாணிகள், கேபிள் வழியாகத்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. இவை ஃபின்னை நினைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. மிதக்கும் கட்டையில் இடித்தால் சுமை பல மடங்கு. அதனால் இடிபட்டால் மேல்நோக்கி மடங்கும், அல்லது வலுக்குறைந்த போல்ட் உடைந்து கழன்றுகொள்ளும் அமைப்பு உள்ளதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தகடு அசைக்க முடியாத உறுதியோடு பற்றியிருக்கிறது என்று விற்பவர் பெருமைப்பட்டால், எதில் இடித்தாலும் நாசில்தான் உடையும் என்று பொருள். ஃபின் போனால் சில நூறு டாலர். நாசில் போனால் நடு ஏரியில் ஸ்டியரிங்கே இல்லை.

கூர்மையான திருப்பத்திலும் படகின் குணம் மாறும். முன்பு வால் வழுக்கிக்கொண்டு அகலமாகத் திரும்பிய படகு, இப்போது பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பும். ஓட்டுபவருக்கு இது இன்பம். பின்னால் கைப்பிடியைப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல.

மற்றவை

பக்கெட்டின் ஓரங்களில் பொருத்தும் வழிதிருப்பிகள் அளவில் சின்னவை, மதிப்பில் அப்படியல்ல. பக்கெட் இறங்கியிருக்கையில் நாலாபக்கமும் சிதறும் நீரைச் சேர்த்து, நாசில் திரும்பிய பக்கமாக ஒதுக்கித் தள்ளுவது இவற்றின் வேலை. படகு நகராமல் நின்றாலும் வேலை செய்வது இவற்றின் சிறப்பு. ஏனென்றால் இவை பீய்ச்சலை நம்புகின்றன, வேகத்தை அல்ல. தண்ணீருக்கு அடியில் புதிதாக எதுவும் நீட்டுவதுமில்லை. படகுத்துறைத் தொல்லைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பெரிய படகுகளில் இதே கருத்து முழுமையடைந்திருக்கிறது: ஹாமில்டன்ஜெட் நிறுவன அலகுகளின் பக்கெட், நீரை இடம் வலமாக இரு வழிகளில் பிரித்து அனுப்புகிறது, நாசில் அதற்கு முன்னாலேயே நீரைத் திருப்பிவிடுவதால், படகு முன்னே போனாலும் பின்னே போனாலும் நின்றாலும் சக்கரம் திருப்பிய பக்கமே மூக்கு போகும். நம் கடலோரக் காவல்படையின் இடைமறிப்புப் படகுகள் பலவும் நீர்த்தாரையில் ஓடுபவை. இத்தகைய அமைப்புள்ள படகு துறையில் ஃபின்னை நம்பியிருக்க வேண்டியதில்லை. யமஹாவின் புதிய படகுகளில் வரும் டிரைவ் அமைப்பு, சக்கரத்தின் பின்னாலுள்ள துடுப்புப் பிடிகளால் மெதுவேகத்தில் பக்கெட்டை ஆள விடுகிறது. ஆற்றுப் படகோட்டியின் பழைய வித்தை மின்னணு உருவில் ஏரிக்கு வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

முன்புறத் தள்ளுவிசை மோட்டார் காற்றுக்கு நேரடியான பதில். சந்தையில் கிடைக்கும் சின்ன அளவே 25, 30 கிலோ தள்ளும். மேலே சொன்ன 11 கிலோ காற்றுக்குத் தாராளம். விலைதான் ஆயிரங்களில். தவிர, மூக்கில் குறுக்கே குழாய் பதிக்கும் வகை நீர்மட்டத்துக்குக் கீழே நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். ஆழமில்லாத ஜெட் படகின் மூக்கில் அந்த இடமே இருக்காது. வெளியே மாட்டி இறக்கும் வகைதான் பெரும்பாலும் பொருந்தும். மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும், ஆகவே தனி பேட்டரியும் கணக்கில் வர வேண்டும். 20 அடிப் படகுக்கு இது ஆடம்பரம் என்பது என் எண்ணம். 24 அடிக்கு மேல், காற்று மிகுந்த துறையில், துணைக்கு ஆளில்லாமல் படகை அணைப்பவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமான அவுட்போர்டு எஞ்சினையே திருப்ப வேண்டிய படகுக்கு அது அவசியம். ஜெட் படகில் திருப்ப வேண்டியது லேசான ஒரு நாசில். புதிய கேபிள் போட்டாலே விரலால் திருப்பலாம்.

அடித்தட்டும் பக்கச் சிறகும் பந்தய வாட்டர் ஸ்கூட்டர் உலகத்திலிருந்து வந்தவை. வேகத்தில் படகு துள்ளாமல் இருக்கவும், திருப்பத்தில் ஓரம் தண்ணீரைக் கடிக்கவும் உதவும். மெதுவேகத்துக்கு இவற்றிடம் மருந்தில்லை. பெர்க்லி பம்பும் வி8 எஞ்சினும் வைத்த பழைய அமெரிக்க ஜெட் படகுகளுக்கு பிளேஸ் டைவர்ட்டர் என்ற சாதனம் புகழ்பெற்றது. ஆனால் அது பீய்ச்சலை மேலும் கீழும் சாய்த்து மூக்கின் உயரத்தை ஆள்வது, இடவலத் திருப்பத்துக்கானது அல்ல. பழைய படகு வாங்கியவர்கள் சிலர் ஸ்டியரிங்குக்கு என்று நினைத்து இதைத் தேடுவதுண்டு.

திராட்டில் இல்லாத் திருப்பம் பற்றி, துணைச் சந்தைக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் வாட்டர் ஸ்கூட்டர் விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தக் குறையைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசியது. அதற்குப் பின் தயாரிப்பாளர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். சீ-டூ 2000களின் தொடக்கத்தில் திராட்டிலை விட்டபின் திரும்ப உதவும் பக்கத் தகடுகளைக் கொண்டுவந்தது. யமஹா, திராட்டிலை விட்டுவிட்டுக் கைப்பிடியை ஒடித்தால் எஞ்சினே கொஞ்சம் முடுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. ஒன்று தண்ணீரைத் தடுக்கிறது, மற்றது தண்ணீரை வீசுகிறது. 2009இல் சீ-டூ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது: நெம்புகோலை அழுத்தினால் பக்கெட் இறங்கி வேகத்தைக் குறைக்கும், அதாவது பிரேக். நெரிசலில் திரும்புவதைவிட நிற்பது மேல் என்ற முடிவு அது. தனியாகக் கடையில் வாங்கி மாட்டும் பொருளாக இந்தக் கடைசி இரண்டும் கிடைப்பதில்லை. எஞ்சின் கணினியோடு பின்னிப் பிணைந்தவை. எனவே பழைய படகுக்காரருக்கு ஃபின்தான் கைக்கு எட்டும் வழி.

எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதே கடைசியில் முடிவுசெய்யும். கூழாங்கல் ஆற்றில் ஓட்டுபவர் எந்த ஃபின்னும் மாட்டக் கூடாது; அவருக்கு வேண்டியது நல்ல கேபிள், ஆட்டமில்லாத நாசில், பக்கெட்டைத் தனியாக ஆளும் நெம்புகோல். 2019இல் நியூசிலாந்தின் ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்கில் சுற்றுலா ஜெட் படகொன்று ஸ்டியரிங் கட்டுப்பாட்டை இழந்து பாறைச் சுவரில் மோதியது. அத்தகைய இடத்தில், ஏற்கெனவே உள்ள பாகங்களின் நிலைமையே உயிர். கூடுதல் பாகம் என்பது கழன்றுபோகக் கூடிய இன்னொன்று. மணற்கரையில் ஏற்றி நிறுத்திக் குளிக்கும் குடும்பம் மடங்கும் வகைக் குட்டை ஃபின்னோடு நிற்கலாம். ஆழமான, நெரிசலான ஏரி, வளையம் இழுப்பது என்றால் நீளமானது. துறைக் காற்று மட்டுமே தொல்லை என்றால் ஃபின் வேண்டாம், வழிதிருப்பி. உப்புத் தண்ணீர் என்றால் எதை மாட்டினாலும் அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் நேராக உட்காரக் கூடாது. இடையே காப்புப் பசை வேண்டும், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

வாரண்டி பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு நிறுவனத்தின் பாகத்தை மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பாகமே காரணமாக இருக்க வேண்டும். ஆனால் ஃபின் மாட்டிய படகில் நாசில் உடைந்தால், காரணம் எது என்ற பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை அளந்துவையுங்கள். காலியான, ஆழமான தண்ணீரில் மணிக்கு 15, 30, 45 கிலோமீட்டர் வேகங்களில் திராட்டிலை விட்டுச் சக்கரத்தைத் திருப்பி, எத்தனை படகு நீளத்துக்குள் மூக்கு கால்வட்டம் திரும்புகிறது என்று பாருங்கள். மாட்டிய பின் அதே இடத்தில், அதே ஆட்களோடு மறுபடி பாருங்கள். சக்கரத்தை இருபுறமும் கடைசிவரை திருப்பி, பக்கெட் ஏறியும் இறங்கியும் இருக்கையில் ஃபின் எதிலாவது உரசுகிறதா என்று தரையிலேயே சோதிக்க வேண்டும். ட்ரெய்லரின் தாங்குபலகையில் ஏற்றும்போது தட்டுகிறதா என்றும். முதல் ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். படகை மைத்துனருக்கு இரவல் கொடுப்பதாக இருந்தால், போன வருஷத்துப் படகு இதுவல்ல என்று சொல்லி, ஒருமுறை நீங்களே கூட உட்கார்ந்து ஓட்டிக்காட்டுங்கள்.